மறுமொழி: புரொவனன்ஸ் – ‘மூலம்’ போதாது, ‘கைவழி’ எப்படி?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் ஓவியமோ சிலையோ யார் யார் கை மாறி வந்தது என்ற வரலாற்றை ஆங்கிலத்தில் புரொவனன்ஸ் (provenance) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற குழுமக் கேள்விக்கு இதுவரை மூலம், பூர்வீகம், தோற்றுவாய், உடைமை வரலாறு ஆகியவை வந்திருக்கின்றன. முதல் மூன்றும் ஓவியம் எங்கே பிறந்தது என்பதோடு நின்றுவிடுகின்றன. துப்புத் துலக்குகிறவருக்கு அது போதாது. வரைந்தவரிடமிருந்து இன்று விற்கிறவர் வரை நடுவில் யார் யார் வைத்திருந்தார்கள் என்பதுதான் அவர் கேள்வி. 1911இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனா லிசா ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு போனபோதும் மூலத்துக்கு ஒரு கேடும் வரவில்லை. கெட்டுப்போனது அது கைமாறி வந்த வழிதான்.

உடைமை வரலாறு பொருளில் சரி. ஆனால் ‘உடைமை வரலாற்று ஆவண ஆய்வு’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், வாய் வலிக்கும்.

நேற்றுத் தருமபுரி நண்பர் ‘கைமாற்று’ என்றார். எங்கள் பக்கம் கைமாற்று என்றால் மாசக் கடைசியில் வாங்கும் ஐந்நூறு ரூபாய். அது வேண்டாம். ஆனால் ‘கை’யை விடாதீர்கள். என் பரிந்துரை ‘கைவழி’: ஒரு பொருள் கைமாறி வந்த வழி.

கிருஷ்ணகிரியில் ஒரு பத்திர எழுத்தரிடம் சில வருஷம் எடுபிடியாக இருந்தேன். ஒருநாள் ஒருவர் 1970களில் எழுதியதாகச் சொல்லி ஒரு மூலப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். தாள் நல்ல பழுப்பு, மடிப்பில் கிழிசல், எல்லாம் பொருத்தம். மூலையில் குத்தியிருந்த குண்டூசி மட்டும் பளபளவென்று இருந்தது. பழைய பத்திரத்தில் ஊசி துருப்பிடித்துத் தாளைச் சுற்றிலும் தின்றிருக்கும். எழுத்தர் ஊசியை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, ஒன்றும் பேசாமல் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜெர்மனியில் போலி ஓவியம் வரைந்து விற்ற பெல்ட்ராக்கி மாட்டியதும் ஏறக்குறைய இப்படித்தான். காம்பென்டோங்க் என்ற ஜெர்மன் ஓவியர் 1914இல் வரைந்ததாக அவர் விற்ற படத்தில், அந்தக் காலத்தில் ஓவியர்களுக்குக் கிடைக்காத டைட்டேனியம் வெள்ளை என்ற நிறமி இருந்தது. 2011இல் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை. இதில் நமக்கு வேண்டியது வேறு: அவர் போலி செய்தது படத்தை மட்டுமல்ல. தன் மனைவிக்கே பாட்டி வேடம் போட்டு, அவருக்குப் பின்னால், தான் வரைந்த படங்களை மாட்டி, பழைய தாளில் போட்டோ எடுத்தார். பாட்டி காலத்திலிருந்து வீட்டில் இருந்த படங்களாம்! படத்துக்கு ஒரு பொய், வந்த வழிக்கு இன்னொரு பொய். இந்த இரண்டாவதைக் ‘கைவழிப் புரட்டு’ என்று சொல்லலாம்.

அரியலூர் பக்கம் கோயிலில் திருடுபோன நம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் சிலையோ அசல். வழி மட்டும் புரட்டு. பழஞ்சிலைகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் 1972 தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காட்டும் தாள்களோடுதான் 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகத்துக்குப் போனார். 2014இல் திரும்பி வந்தார். சிலை, ஓவியம், அசல், போலி எல்லாவற்றுக்கும் ஒரே சொல் ஓட வேண்டும், ‘கைவழி’ ஓடுகிறது.

சங்கப் பாட்டில் கைவழி என்றால் யாழ் ஆயிற்றே என்று புலவர் ஐயா கேட்பார். ஆமாம் ஐயா. ஏலக்கூடத்தில் யாரும் அதை யாழோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு பொருள் களவுபோன கலைப்பொருள்களின் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துத் தரும் தாளுக்குப் புதுச்சொல்லே வேண்டாம். ‘வில்லங்கச் சான்று’ நம்மிடம் இருக்கிறது. லண்டனில் அப்படிப் பட்டியல் வைத்திருக்கும் ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர் என்ற நிறுவனம் தருவது கிட்டத்தட்ட அதுதான். குறையும் அதே குறை: பதிவாகாத வில்லங்கம் அதில் வராது. பூட்டிய கோயிலில் திருடுபோனது ஊருக்கே தெரியாதபோது பட்டியலில் எப்படி ஏறும்?

எனக்கு இன்னும் தீராதது ஒன்று. நடுவில் சில வருஷம் யாரிடம் இருந்தது என்றே தெரியாவிட்டால் அதை எப்படிச் சொல்வது? ஐரோப்பிய ஓவியம் என்றால் 1933 முதல் 1945 வரைதான் முதலில் பார்ப்பார்கள், நாஜிகள் பிடுங்கிய காலம். ‘கைவழி முறிவு’ என்று எழுதிவிட்டு அடித்தேன். முறிவு என்றாலே குற்றம் நடந்தது போலாகிவிடும்; ரசீது தொலைந்தும் இருக்கலாமே. இப்போதைக்குக் ‘கைவழி இடைவெளி’ என்று வைத்திருக்கிறேன், கொஞ்சம் சவசவ என்றுதான் இருக்கிறது. இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்.