மஞ்சள்கரு வளர எத்தனை நாள்?

மேலப்பாளையத்தான்:
ஃபின்ச் என்ற சிறு கூண்டுப் பறவையின் பெட்டைக்கு மஞ்சள்கரு வளர நான்கே நாள்தான்; எந்தப் பெட்டைக்கும் அது மாறாது. முட்டை சிறுத்தால் தீனி சரியில்லை என்றே பொருள்.

பாளைக்கூண்டு:
"எந்தப் பெட்டைக்கும் மாறாது" என்பதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. பாளையங்கோட்டையில் பதினோரு ஆண்டுகளாக ஃபின்ச் வளர்க்கிறேன்; ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு முட்டையையும் நகைத் தராசில் நிறுத்துக் குறித்து வைக்கிறேன். அடுத்தடுத்த கூண்டுகளில் ஒரே டப்பாத் தினையைத் தின்னும் இரண்டு பெட்டைகளில், ஒன்று எப்போதும் 1.1 கிராமை ஒட்டியும் மற்றது 0.9 கிராமை ஒட்டியுமே இடுகிறது. சென்ற ஐப்பசியில் முட்டை அடைத்துச் செத்த ஒரு பெட்டையைக் கீறிப் பார்த்தேன். சூலகத்தில் பட்டாணியளவிலிருந்து மிளகளவு, கடுகளவு என்று படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் ஐந்து மஞ்சள் உருண்டைகள் இருந்தன. நாளுக்கு ஒரு முட்டை இடும் பறவையில் உருண்டைகளும் நாளுக்கு ஒன்றாகவே வளரத் தொடங்கும்; ஐந்து உருண்டை என்றால் ஐந்து நாள், நான்கு அல்ல.

மேலப்பாளையத்தான்:
அண்ணாச்சி, செத்த ஒரு பறவையைக் கொண்டு உயிருள்ள பறவைகளுக்குக் கணக்குச் சொல்லாதீர்கள். நான்கு நாள்தான். முருங்கைக்கீரை கொடுத்த பிறகு என் பெட்டைகளின் மஞ்சள்கரு எவ்வளவு செழித்தது என்பதை உடைத்துப் பார்த்தவன் நான்.

பாளைக்கூண்டு:
கீரை தருவது நிறத்தை, பருமனை அன்று. மஞ்சள்கருவுக்கான கொழுப்பும் புரதமும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் தூண்டுதலால் ஈரலில் உருவாகி, இரத்தத்தின் வழியாகச் சூலகத்தைச் சேர்கின்றன. தீனி மோசமானால் முட்டை சற்றுச் சிறுக்கும், எண்ணிக்கையும் குறையும். ஆயினும் ஒரே இனத்தில் முட்டைகளின் எடை வேறுபாட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஈட்டுக்கு ஈடு (ஈடு என்பது ஒரு பெட்டை ஒரு தடவையில் இடும் முட்டைகள்), அதாவது பெரும்பாலும் பெட்டைக்குப் பெட்டை, அமைவது என்று 2002இல் உயிரியலாளர் ஜூலியன் கிறிஸ்டியன்ஸ் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார். என் தராசும் அதையே சொல்கிறது.

கல்லிடை மாணவி:
ஐயா, எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள்? மஞ்சள் வேகமாகச் சேரத் தொடங்கும் நாளிலிருந்தா, அதற்கு முன் வெளிறிய சிற்றுருண்டையாக இருக்கும் காலத்தையும் சேர்த்தா? கொழுப்பில் கரையும் சாயத்தை நாள் குறித்துத் தீனியில் கொடுத்து, அவித்த முட்டையை அறுத்து வளையங்களை எண்ணினால் தெரிந்துவிடுமே.

பேட்டைக்காரர்:
பாளைக்கூண்டு அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. சென்ற கார்த்திகையில் நீங்கள் கொடுத்த ஜோடியின் பெட்டை இதுவரை ஒரு முட்டைகூட இடவில்லை. அதற்கு எத்தனை நாள் கணக்கு?

பாளைக்கூண்டு:
அந்த ஜோடியைக் காற்றடிக்கும் வாசலில் தொங்கவிடாதீர்கள் என்று அன்றே சொன்னேன். கடல்நுரையும் (கணவாய் ஓடு) வைக்கவில்லை என்பதை உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டீர்கள்.

பேட்டைக்காரர்:
கடல்நுரை முட்டை ஓட்டுக்குத்தான், மஞ்சள்கருவுக்கு அன்று. கேட்டதற்குப் பதில் இல்லை.

மேலப்பாளையத்தான்:
பேச்சை மாற்ற வேண்டாம். நான்கு நாள்.

பாளைக்கூண்டு:
மாற்றுவது நானல்ல. பெரிய முட்டையிடும் அந்தப் பெட்டையைக் கலயத்தில் புல் அடுக்கத் தொடங்கிய நாள் முதல் கவனித்து வருகிறேன். இன்று காலை மூன்றாவது முட்டை 1.12 கிராம் இருந்தது. பக்கத்துக் கூண்டின் மூன்றாவது முட்டை 0.91. எந்தப் பெட்டைக்கும் மாறாது என்று எழுதியவர் ஒரு முட்டையையாவது நிறுத்துவிட்டு வரட்டும். ஐந்து நாள் என்றே மீண்டும் சொல்கிறேன்.

மேலப்பாளையத்தான்:
நான்கு.