பழைய கணினிக்கு எஸ்எஸ்டி: எதை வாங்கலாம்?

உறவுகளுக்கு வணக்கம். திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் உள்ள மேசைக் கணினிக்கு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான, சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) பொருத்த வேண்டும். இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ரேம். இப்போது இருப்பது 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. மகள் க.பொ.த. உயர்தரப் பாடக் காணொளிகளைப் பார்ப்பதும், நான் கணக்கு எழுதுவதும்தான் இதில் நடக்கும் வேலை, விளையாட்டுகள் இல்லை.

நகரக் கடையொன்றில், அடாப்டர் போட்டு என்விஎம்இ (மிக வேகமான எஸ்எஸ்டி வகை) வாங்குங்கள், வேகம் பல மடங்கு என்றார்கள். ஆனால் என்னுடையதைப் போன்ற பழைய போர்டுகளின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) பொதுவாக என்விஎம்இ-யிலிருந்து விண்டோஸைத் தொடங்காது. ஆகவே 2.5 அங்குல சாட்டா வகைதான் (ஹார்ட் டிஸ்க்கைப் போலவே கேபிளில் இணைப்பது) சரி என்று நினைக்கிறேன். அது நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பியைத் தாண்டாது; எங்கள் வேலைக்கு அதுவே தாராளம். எச்81-இல் நான்கு சாட்டா போர்ட்டுகளில் இரண்டு மட்டுமே 6 ஜிபிபிஎஸ் என்பதால் அவற்றில் ஒன்றில்தான் செருகுவேன்.

என் குழப்பம் வேறு. 500 ஜிபி அளவில் டிரேம் (எஸ்எஸ்டிக்குள் இருக்கும் வேகமான தற்காலிக நினைவகம்) உள்ளதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது பயன்தருமா? மலிவான கியூஎல்சி வகை (ஒரு செல்லில் நான்கு பிட் சேமிப்பது), பெரிய கோப்புகளை எழுதும்போது மிகவும் மந்தமாகிவிடும் என்கிறார்களே, அன்றாடப் பாவனையில் அது தெரியுமா? திடீர் மின்வெட்டைத் தாங்குமா? யூபிஎஸ் இல்லை.

25,000 ரூபாய்க்குள், இலங்கை முகவரின் உத்தரவாதத்துடன் கிடைப்பதைப் பாவித்தவர்கள் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து தருவிக்கவும் தயார். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்யலாமா (முழுவதையும் நகலெடுப்பது), விண்டோஸைப் புதிதாகப் போடுவது நல்லதா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.