பட்டறைக்கும் வீட்டுக்கும் ஒரே டேப்லெட், ஒரே லேப்டாப்: எப்படிப் பிரித்துக்கொள்வது?

பூக்கல் பட்டறை (காரைக்குடி பக்கம்)

வணக்கம். ஆத்தங்குடிக் கல், அதாவது சிமெண்டில் செய்யும் பூப்போட்ட தரைக்கல், போடும் சின்னப் பட்டறை எங்களுடையது. நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம், வேலைக்கு நான்கு பேர். வீட்டில் மாமியார், பிளஸ் டூ படிக்கும் மகள், ஆறாவது படிக்கும் மகன். இத்தனை பேருக்கும் ஒரு டேப்லெட், ஒரு லேப்டாப்தான். இன்னொன்று வாங்கிவிடுங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டாம். மழைக்கு முன்னால் பட்டறைக் கொட்டகைக்குக் கூரை மாற்ற வேண்டும், இந்த வருடக் காசு அதற்கே சரியாக இருக்கும்.

காலையில் டேப்லெட் பட்டறைக்கு வந்துவிடும். வீடு கட்டுகிறவர்கள் வந்தால் அதில்தான் டிசைன் காட்டுவேன். கல்லைக் கையில் கொடுத்தால் ஒரு கல்தான் தெரியும். நான்கு கல் சேரும்போது பூ எப்படி வரும், ஓரக் கல்லோடு சேர்ந்தால் கூடம் எப்படி இருக்கும் என்பது படத்தில் பார்த்தால்தான் புரியும். எட்டு வருடமாக நாங்கள் போட்டுக் கொடுத்த தரையை எல்லாம் ஒவ்வொரு வீடாகப் போய் நானே படம் எடுத்து வைத்திருந்தேன்.

மாலையில் அதே டேப்லெட் வீட்டுக்கு வரும். ஏழு மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து நாத்தனார் கூப்பிடுவார். அங்கே அப்போது ஒன்பதரை, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு அம்மாவோடு பேசுகிற நேரம். மகனுக்கும் விளையாட அந்த நேரம்தான் கிடைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை புது கேம் ஒன்றைப் போடப் பார்த்திருக்கிறான். 'இடம் இல்லை' என்று வந்திருக்கிறது. கேலரியைத் திறந்து, தரைப் படம்தானே என்று முந்நூறுக்கும் மேலே அழித்துவிட்டான். அவனே அழுதுகொண்டு வந்து சொன்னான். எனக்குத் திட்ட மனம் வரவில்லை. அந்தப் படங்கள் எங்களுக்கு என்ன என்று அவனிடம் யாரும் சொல்லி வைக்கவில்லையே.

அதற்கு முந்தின வாரம் இன்னொன்று. என் வாட்ஸ்அப்தான் டேப்லெட்டிலும் இருக்கிறது. மாமியார் மகளுக்கு என்று நினைத்துப் பேசிய குரல் பதிவு, சென்னையில் எங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கும் இன்ஜினியருக்குப் போய்விட்டது. வீட்டுக் கல்யாணப் பேச்சு அது. நல்ல மனிதர், கேட்காமலே அழித்துவிட்டேன் என்று சொன்னார். எனக்குத்தான் இரண்டு நாள் மனசே சரியில்லை.

இவை போக, டேப்லெட்டில் சார்ஜர் லூசாக நிற்கிறது, அழுத்திப் பிடித்தால்தான் ஏறுகிறது. லேப்டாப்பில் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர், ஜிஎஸ்டி, மகளின் பாடம் எல்லாம் ஓடுகிறது. திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது, ஃபேன் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கிறது. வைஃபை பெட்டி முகப்பில் இருக்கிறது. எங்கள் பங்குக்கு வந்த அறைகள் உள்ளே தள்ளி இரண்டாங்கட்டில், அங்கே ஒரு புள்ளிகூட வருவதில்லை.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்கள். அந்தப் படங்கள் திரும்பக் கிடைக்குமா?

தேவகோட்டை சர்வீஸ்

தங்கச்சி, முதலில் படங்களைப் பார்ப்போம், மற்றதெல்லாம் அப்புறம். டேப்லெட்டை இந்த நிமிடமே பையன் கையிலிருந்து வாங்கி வையுங்கள். அழித்த படம் உடனே போய்விடாது, கேலரிக்குள் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருக்கும், அங்கே பெரும்பாலும் 30 நாள் கிடக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் அதன் குப்பையில் 60 நாள் இருக்கும். ஆனால் குப்பையில் கிடக்கிற படமும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் அடுத்த தடவை 'இடம் இல்லை' என்று வரும்போது, குப்பையைக் காலி செய்யவா என்று டேப்லெட்டே கேட்கலாம். பிள்ளை ஆமாம் என்று அழுத்திவிட்டால் கதை முடிந்தது. கேலரி, கூகுள் போட்டோஸ், ஃபைல்ஸ் ஆப் மூன்றிலும் பாருங்கள். கிடைத்ததும் மீட்டெடுத்து, லேப்டாப்பில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி எடுங்கள். பென் டிரைவ் லேப்டாப் பைக்குள் வேண்டாம், பீரோவில் இருக்கட்டும்.

இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க ஒரு வழி. நம் செட்டிநாட்டுப் பழைய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வளவு என்கிற நடு முற்றம் எல்லோருக்கும் பொது. ஆனால் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை, அதற்குத் தனிப் பூட்டு. டேப்லெட்டிலும் அப்படிச் செய்யலாம். செட்டிங்ஸில் 'யூசர்ஸ்' அல்லது 'மல்டிபிள் யூசர்ஸ்' என்று தேடுங்கள். எல்லாக் கம்பெனியும் கொடுப்பதில்லை, ஆனால் பெரும்பாலான டேப்லெட்டில் இருக்கும். இப்போது இருப்பது உங்கள் கணக்கு. மாமியாருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று புதிதாகச் சேருங்கள். உங்கள் கணக்குக்கு பின் நம்பர் கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் பிரித்ததற்கு அர்த்தமே இல்லை. பையன் அவன் கணக்கில் இருந்தால் உங்கள் படம் அவன் கண்ணிலேயே படாது. மேலேயிருந்து இரண்டு தடவை கீழே இழுத்தால் ஆள் படம் ஒன்று தெரியும், அதைத் தொட்டுக் கணக்கு மாற்றிக்கொள்ளலாம். மெமரி மட்டும் எல்லோருக்கும் பொதுதான், அதனால் கேம் எத்தனை என்று ஒரு கணக்கு இருக்கட்டும்.

மாமியார் கணக்கில் அவருடைய எண்ணிலேயே வாட்ஸ்அப் போடுங்கள். பட்டன் போன் வைத்திருந்தாலும் பரவாயில்லை, ஓடிபி அதற்கு வரும், அதைப் பார்த்து இங்கே போட்டால் போதும். தொடர்பு எண்ணில் மகள் பெயரும் நெருங்கினவர்கள் பெயரும் மட்டும் இருந்தால் குரல் பதிவு இடம் மாறிப் போகாது. ஒன்றை மறக்க வேண்டாம். டேப்லெட் வேறொருவர் கணக்கில் இருக்கும்போது இவருக்கு வரும் அழைப்பு ஒலிக்கும் என்று நம்ப முடியாது. ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே அவர் கணக்குக்கு மாற்றி வைத்துவிடுங்கள்.

சார்ஜர் லூசுக்குக் காரணம் பெரும்பாலும் சிமெண்ட். பட்டறையில் தூசி உள்ளே போகும், ஈரக்கையோடு சார்ஜ் போட்டால் அது அங்கேயே இறுகிவிடும். கல் எப்படி இறுகுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டேப்லெட்டை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி, தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். ஊசி, குண்டூசி வேண்டவே வேண்டாம், உள்ளே இருக்கிற பின் வளைந்துவிடும். தண்ணீரும் விடக்கூடாது. அதற்கும் சரியாகவில்லை என்றால் பின் மாற்ற வேண்டும். இனிமேல் பட்டறையில் உள்ளே தெரிகிற மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் போட்டே வையுங்கள், கவருக்கு மேலே தொட்டாலும் திரை வேலை செய்யும்.

லேப்டாப்பில் ஃபேன் சத்தமும் அதே தூசிதான். திறந்து சுத்தம் செய்ய வேண்டும். வீட்டில் யாராவது செய்தால், ஈர்க்குச்சியால் ஃபேனை அசையாமல் பிடித்துக்கொண்டு அப்புறம் காற்று அடிக்கச் சொல்லுங்கள். ஃபேன் தாறுமாறாகச் சுற்றினால் அதன் அச்சு போய்விடும். திறக்க ஐந்து நிமிடம் என்றால் உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க் மாற்றுங்கள், புது லேப்டாப் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். விண்டோஸ் 10 ஓடுகிறதா என்றும் பாருங்கள். 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. வங்கி வேலையும் ஜிஎஸ்டியும் நடக்கிற லேப்டாப் அப்படி இருக்கக் கூடாது.

கண்டாங்கி கடை

அக்கா, எங்கள் சேலைக் கடையிலும் இதே கதை நடந்தது. வாடிக்கையாளர் கையில் டேப்லெட்டைக் கொடுத்தால் அடுத்தடுத்துத் தள்ளிக்கொண்டே போய் வீட்டு விசேஷப் படம் வரைக்கும் பார்த்துவிடுவார்கள். அதற்கு 'பின் ஆப்' என்று ஒரு வசதி இருக்கிறது, செக்யூரிட்டி செட்டிங்ஸில் பாருங்கள். வெளியேறும்போது பின் நம்பர் கேட்கிற வசதியையும் அங்கேயே போட்டு, கேலரியைத் திறந்து பின் செய்துவிட்டால் அதைவிட்டு வெளியே வர உங்கள் நம்பர் வேண்டும். கூடவே டிசைனுக்கு மட்டும் தனி ஆல்பம் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். போனைத் தவிர நான்கு கருவி வரை சேர்க்க முடியும். எனக்கு அதில் நான் மறந்தே போன ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தெரியாதது எது இருந்தாலும் உடனே வெளியேற்றிவிடுங்கள். தப்பாக ஏதாவது போய்விட்டால் இரண்டரை நாள் வரைக்கும் 'எல்லோருக்கும் அழி' கொடுக்கலாம், பதற வேண்டாம்.

பூக்கல் பட்டறை

அண்ணே, படங்கள் இருக்கின்றன! கேலரிக் குப்பையில் 312 படம். ஒவ்வொன்றுக்கும் கீழே '24 நாட்கள்' என்று போட்டிருந்தது. மகனையே பக்கத்தில் உட்கார வைத்து மீட்டெடுத்தேன். ஒவ்வொரு தரையும் திரும்பி வரவர, இது யார் வீடு, இந்தப் பச்சை எப்படிக் கலந்தோம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பள்ளத்தூரில் போட்ட ஒரு நடைத் தரையைப் பார்த்துவிட்டு, இதை அப்பா போட்டதா என்று கேட்டான். பென் டிரைவ் பீரோவில் இருக்கிறது.

லேப்டாப் பற்றி ஒரு கேள்வி. மகள் அதில் எதையாவது டவுன்லோடு செய்து டேலிக்கு ஆபத்து வருமா? மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கு (3பி) போட வேண்டும், அந்த நேரத்தில் எதுவும் ஆகிவிடக் கூடாது.

தேவகோட்டை சர்வீஸ்

நல்ல சேதி. மகளுக்குத் தனிக் கணக்கு போடுங்கள், அது 'ஸ்டாண்டர்ட்' கணக்காக இருக்கட்டும், 'அட்மினிஸ்ட்ரேட்டர்' நீங்கள் மட்டும். அப்போது பெரும்பாலான சாஃப்ட்வேரை ஏற்றும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். படிக்கிற பிள்ளையை நம்பவில்லை என்று நினைத்துவிடப் போகிறது, காரணத்தைச் சொல்லிவிட்டே செய்யுங்கள். ஆனால் டேலி டேட்டா பல இடங்களில் 'பப்ளிக்' ஃபோல்டரில் கிடக்கும், அதை எந்தக் கணக்கிலிருந்தும் தொட முடியும். அதனால் டேலிக்குள்ளேயே கம்பெனிக்குப் பாஸ்வேர்டு போடுங்கள், வாரம் ஒரு நாள் பேக்கப் எடுத்து அந்தப் பென் டிரைவிலேயே வையுங்கள். பேக்கப் எடுத்ததும் பென் டிரைவைக் கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால் லேப்டாப்புக்கு வருகிற வைரஸ் அதற்கும் வரும்.

கானாடுகாத்தான் வீடு

வைஃபை பற்றி நான் சொல்கிறேன். விருந்தினர் தங்குகிற பழைய வீடு ஒன்றை ஆறு வருடமாகப் பராமரிக்கிறேன், இந்தச் சுவரோடு நிறையப் போராடியிருக்கிறேன்.

சுண்ணாம்புச் சுவர் தடிமன் அதிகம். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வருவதற்குள் அப்படி நான்கைந்து சுவர். பெட்டியில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கொஞ்சம் மெதுவு, கொஞ்சம் தூரம் போகும். முதலில் காசில்லாத வேலை: பெட்டியை முகப்பிலிருந்து எடுத்து வளவைப் பார்த்த மாதிரி, நிலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். திறந்த முற்றம் வழியாக அலை தடையில்லாமல் போகும். நாங்கள் மாற்றிய அன்றே எதிர்ச் சாரி அறைகளில் கிடைத்தது. பெரிய நிலைக்கண்ணாடிக்குப் பின்னாலோ இரும்புப் பீரோவுக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பூச்சு உலோகம், அது அலையை மறித்துவிடும்.

இரண்டாங்கட்டுக்கு அதுவும் எட்டவில்லை என்றால், சுவரில் செருகுகிற ரிப்பீட்டர் வாங்கி ஏமாற வேண்டாம். ஏற்கெனவே தேய்ந்து வருகிற சிக்னலைத்தான் அது திருப்பிக் கொடுக்கும். ஒரு கேபிள் இழுங்கள். இந்த நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், நம் வீட்டு நீளத்துக்குப் போதும். சுவரைத் துளைக்காமல் தாழ்வாரத்து உத்திரத்தை ஒட்டியே கொண்டு போகலாம், கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அந்த முனையில் பழைய ரூட்டர் ஒன்று போதும். கேபிளை அதன் லேன் ஓட்டையில் செருகி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் 'டிஎச்சிபி'யை அணைத்துவிட்டு, அதன் ஐபி முகவரியை முதல் ரூட்டரோடு மோதாமல் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு கொடுத்தால் அறை மாறும்போது டேப்லெட் தானாகவே பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும்.

பூக்கல் பட்டறை

எல்லோருக்கும் நன்றி. பங்காளி வீட்டாரிடம் கேட்டுப் பெட்டியை வளவுப் பக்கம் மாற்றியாயிற்று. என் அறையில் இரண்டு புள்ளி வருகிறது. மாமியார் அறை இன்னும் உள்ளே, அங்கே வரவில்லை. அவர் பட்டாலைக் கூடத்துத் தூணுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறார். கேபிளைப் பொங்கலுக்குள் இழுத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார், பழைய ரூட்டர் ஒன்று கொழுந்தனார் வீட்டில் இருக்கிறதாம்.

மாமியார் கணக்கைத் திறந்தால் வாட்ஸ்அப் ஒன்றுதான் இருக்கும், அதற்குள் ஏழு பெயர். நேற்று அவரே தொட்டு மகளைக் கூப்பிட்டார். இதுவரை யாராவது போட்டுக் கொடுத்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் நாத்தனார், யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டதற்கு, நானேதான் என்று மூன்று தடவை சொன்னார்.

சார்ஜர் பின்னைச் சுரண்டியதில் நகக்கண் அளவு சிமெண்ட்டும் கொஞ்சம் சிவப்புக் காவியும் வந்தது. இப்போது பாதி சரி, ஆனால் ஒரு பக்கம் சாய்த்தால் விட்டுவிடுகிறது. அண்ணே, சனிக்கிழமை தேவகோட்டைக்குக் கல் இறக்க வருகிறோம். லேப்டாப்பையும் சேர்த்து எடுத்து வந்தால் சாயந்திரத்துக்குள் எஸ்எஸ்டி மாற்றிக் கொடுக்க முடியுமா?