இலங்கை மலையகத்தின் மூன்று ஊர்க்காரர்களிடம் ஒரே கேள்வி: பிரஜாவுரிமை விஷயத்தில் 'வம்சாவளி' என்ற சொல் உங்களுக்கு எங்கே இடறியது?

அட்டன்:
படிவத்தில் 'பிரஜாவுரிமை: வம்சாவளி / பதிவு' என்று இருந்தது. பெற்றோர் வழியாகப் பிறப்பிலேயே வந்ததா, விண்ணப்பித்துப் பெற்றதா என்பதுதான் கேள்வி. 22 வயசுத் தோட்டத்துப் பையன் 'வம்சாவளி'யைப் பேனையால் அழுத்தி வெட்டினான். "இந்திய வம்சாவளின்னு போட்டா சிக்கல்தானே அண்ணே?" பதிவு என்றதும் அடுத்த கட்டம் சான்றிதழ் இலக்கமும் திகதியும் கேட்டது. அவனிடம் ஏது? படிவம் திரும்பி வந்தது. அவன் பிறக்கும்போது அப்பா இலங்கைப் பிரஜை. அது போதும், பிள்ளை வம்சாவளிப் பிரஜைதான். அப்பாவுக்குப் பதிவு மூலம் கிடைத்திருந்தாலும் அப்படித்தான். அந்த வெட்டுக்கோடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பதுளை:
பையனைக் குறை சொல்லி என்ன பயன்? 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பாருங்கள். அது அமலுக்கு வந்த 1948 நவம்பர் 15க்கு முன் இங்கே பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக, அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பப்பாவும் அவருடைய அப்பாவும். பிறப்பைப் பதியாமலே விட்ட தோட்டங்களில் பூட்டனின் சான்றிதழுக்கு எங்கே போவது? ஒரு பெரியவரின் தகரப் பெட்டியில் இருந்தது பாட்டன் காலத்துக் கடன் 'துண்டு' மட்டும், தோட்டம் மாறும்போது கடனைக் குறித்துக் கொடுத்த சீட்டு. அதில் கடன் தொகை இருந்தது, கங்காணி பெயர் இருந்தது, பிறந்த இடம் இல்லை.

கொட்டகலை:
பதுளைக்காரர் 1948லேயே நின்றுவிட்டார். 1978 அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரைப்படி எல்லாரும் 'இலங்கைப் பிரஜை'தான். வம்சாவளியா பதிவா என்று வேறுபாடு காட்டக் கூடாது. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம், தோட்டத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்த நாளான 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தோருக்கும் பிரஜாவுரிமை தந்தது. 48இல் நம்மைத் தள்ளிவைத்த அதே சொல்லைச் சொல்லித்தான் 2003இல் உள்ளே எடுத்தார்கள்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். படிவத்தில் கை வைக்குமுன் உங்கள் பிறப்புச் சான்றிதழ், அப்பா அம்மா சான்றிதழ்கள், அடையாள அட்டைகள் எல்லாவற்றையும் பக்கத்தில் பரப்பி, பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தமிழில் 'முத்தையா' சிங்களத்தில் 'முத்தியா' ஆகியிருக்கும், அங்கேதான் மாட்டும். பெயர்த் திருத்தம் முதலில், விண்ணப்பம் பிறகு. பிறப்பே பதியப்படவில்லையா? காலங்கடந்த பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். 'இனம்' கட்டத்தில் 'இந்தியத் தமிழர்' என்று கண்டால் பதற வேண்டாம். அது இனம் மட்டும். இந்தியப் பிரஜை என்று அர்த்தமில்லை. அதை அடிக்கவோ மாற்றி எழுதவோ போகாதீர்கள், சான்றிதழே செல்லாமல் போய்விடும்.

அட்டன்:
அந்தப் பையனின் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். 'இந்திய' என்ற சொல்லின் மேலும் அதே பேனைக் கோடு.