நாய்க்கு வீட்டுலயே பிஸ்கட், பொம்மை செய்றது: காசு மிச்சமா, வம்பா?

செல்வி_தாம்பரம்:
எங்க வீட்டுல ஒரு நாட்டு நாய் இருக்கு, தெருவுல இருந்து எடுத்து வளர்த்தது, பேரு சுண்டல். பெட் ஷாப்ல ட்ரீட்னு சின்ன பாக்கெட்ட எடுத்தாலே எரநூறு ரூபா, பின்னாடி திருப்பிப் பார்த்தா கோதுமை மாவு, க்ளிசரின், கலர், "அனுமதிக்கப்பட்ட பதப்படுத்தி". இதுக்கு எதுக்கு அவ்ளோ காசுன்னு நானே செய்ய ஆரம்பிச்சுட்டேன். பரங்கிக்காய வேக வச்சு தண்ணிய சுத்தமா வடிச்சு மசிச்சுக்கணும், ஒரு கப் மசியலுக்கு ரெண்டு கப் ராகி மாவு, ஒரு முட்டை, உப்பு சர்க்கரை எதுவும் கிடையாது. சப்பாத்தி மாவ விட கொஞ்சம் கெட்டியா பிசைஞ்சு, தேச்சு, பாட்டில் மூடியால வட்டம் வட்டமா வெட்டி 160 டிகிரில முக்கால் மணி நேரம். உடைச்சா டப்புன்னு சத்தம் வரணும், உள்ள ஈரம் நின்னுச்சுன்னா நம்ம ஊரு புழுக்கத்துல மூணாம் நாளே பூசணம் பூத்துடும், அதனால டப்பாவோட ஃப்ரிட்ஜ்ல. பொம்மைக்கு என் வீட்டுக்காரர் பழைய டீ ஷர்ட்ட நீளமா கிழிச்சு ஜடை பின்னி ரெண்டு பக்கமும் முடிச்சு. கடை பொம்மை எல்லாம் சுத்த வேஸ்ட்டுங்க, இனிமே அந்தப் பக்கமே போறதா இல்ல. என்ன சொல்றீங்க எல்லாரும்?

கோம்பை_குமார்:
சரியா சொன்ன தாயி. எங்க தேனிப் பக்கம் கோம்பை நாய்க்கு எவன் ட்ரீட் வாங்குனான், பழைய சோறு, மீந்த குழம்பு, கறி வெட்டுற அன்னைக்கு எலும்பு, அவ்ளோதான். காட்டுப்பன்னிக்கே அஞ்சாது அது. இப்பதான் நாய்க்கு பர்த்டே கேக்கு, ஸ்வெட்டருன்னு ஆரம்பிச்சிருக்கானுங்க.

கத்தரி_நூல்:
நான் ஒரு கால்நடை கிளினிக்ல ஆபரேஷன் ரூம்ல உதவிக்கு நிக்கிறவன், டாக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடுறேன். செல்வி அக்கா, பிஸ்கட் ஓகே, அதுல எனக்கு சண்டை இல்ல. அந்த டீ ஷர்ட் ஜடைய மட்டும் இன்னைக்கே தூக்கிப் போடுங்க. நாய் வயித்துல இருந்து நாங்க வெளிய எடுக்குறதுல துணி, சாக்ஸ், கயிறு இதெல்லாம்தான் ரொம்ப மோசம். பந்து மாதிரி உருண்டையா இருந்தா ஒரு எடத்துல அடைக்கும், ஸ்கேன்ல தெரியும், வெட்டி எடுத்துடலாம். நீளமான நூல் அப்படி இல்ல, ஒரு முனை வயித்து வாய்ல மாட்டிக்கும், மிச்சம் குடலுக்குள்ள போயிட்டே இருக்கும், குடல் அத தள்ளப் பார்த்து தள்ளப் பார்த்து நாடா இழுத்த பாவாடை கணக்கா சுருங்கிடும், அந்த நூலே உள்பக்கமா குடல அறுத்துடும். ஒரே எடத்துல வெட்டி எடுக்க முடியாது, நாலஞ்சு எடத்துல ஓட்டை போடணும். எக்ஸ்ரேலயும் துணி நேரா தெரியாது. காசு மிச்சம்னு ஆரம்பிச்சு ஆபரேஷன் பில்லுல வந்து நிக்கும்.

செல்வி_தாம்பரம்:
தம்பி பயமுறுத்தாதீங்க. கடைல விக்கிற கயிறு பொம்மையும் அதே பருத்தி நூல்தானே, அதுவும் பிரியும்தானே? அப்போ குத்தம் வீட்டுல செஞ்சதுல எங்க இருக்கு?

கத்தரி_நூல்:
இருக்குக்கா. கடை கயிறையும் நான் வாங்கச் சொல்லல, அதுவும் தப்புதான். ஆனா வீட்டுல செய்றப்ப இன்னொரு வினை சேருது, உங்க வாசனை அடிக்கிற பழைய டீ ஷர்ட்ட "இது உனக்கு"ன்னு குடுத்துட்டு நாளைக்கு கொடில காயுறத இழுத்தா திட்டுவீங்க, நாய்க்கு என்ன புரியும் எது பழசு எது புதுசுன்னு.

பார்வதி_இந்திரா நகர்:
இந்த "துணி வச்சா துணி தின்னும்" கதைய நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். என் லேப்ரடார் எட்டு வயசு, துண்டுக்குள்ள தீனிய தூவி சுருட்டிக் குடுத்தா மூக்காலயே உருட்டிப் பிரிச்சு சாப்பிடுவான், துண்ட கடிச்சதே இல்ல. அதே சமயம் எங்க மாடி வீட்டு பீகிள்கிட்ட அத குடுத்தா துண்டே இருக்காது. நாய பார்த்துதான் பொம்மை. துணியே வேணாம்னா இட்லித் தட்டு இருக்கே! நாலு குழியிலும் ரெண்டு ரெண்டு தீனி போட்டு, மேல வாய்க்குள்ள போகாத சைஸ் பந்த கவுத்து வச்சிடுங்க, ஒவ்வொரு பந்தா மூக்கால தள்ளித் தள்ளி எடுக்கும், பத்து நிமிஷம் வீட்டுல சத்தமே இருக்காது. (எவர்சில்வர் தட்டுன்னா சத்தம் இருக்கும், கீழ் வீட்டுக்காரர் வந்து கேப்பாரு, அடில மிதியடி போட்டுடுங்க.)

அப்புறம் தம்பி கடைப்பொருள ஏதோ பாதுகாப்புன்னு பேசுற மாதிரி இருக்கு. அமெரிக்கால 2007ல இருந்து கோழி ஜெர்க்கி ட்ரீட், அதாவது உலர்த்தின கோழிக்கறி, சாப்பிட்டு நாய்ங்களுக்கு வயிறு, கிட்னி கெட்டுப் போச்சுன்னு அங்க உணவு, மருந்து கட்டுப்பாடு பாக்குற எஃப்டிஏக்கு ஆயிரக்கணக்குல புகார் போச்சு, ஆயிரத்துக்கு மேல நாய் செத்ததா பதிவு, வருஷக்கணக்கா தேடியும் இதுதான் காரணம்னு உறுதியா ஒண்ணும் சொல்ல முடியல. அதே 2007லதான் மெலமைன்ங்கிற பிளாஸ்டிக் கெமிக்கல் கலந்த தீனிய அங்க கடை கடையா திரும்ப எடுத்தாங்க. பாக்கெட்ல சீல் இருந்தா பத்திரம்னு யாரு சொன்னா? மாட்டுக் குளம்பு, கொம்புன்னு விக்கிறானுங்களே, அத கடிச்சு மேல் கடவாய்ப் பல்லு பிளந்து வர்ற நாய்ங்கள நீங்களே கிளினிக்ல பாத்திருப்பீங்களே.

கத்தரி_நூல்:
பாக்குறோம். கட்டை விரல் நகத்தால அழுத்தினா தடம் பதியணும், பதியலன்னா பல்லுக்கு ஆகாதுன்னு எங்க டாக்டர் வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. நான் கடைக்காரனுக்கு வக்காலத்து வாங்கலக்கா. "வீட்டுல செஞ்சது"ன்னு சொன்ன உடனே மூளைய கழட்டி வச்சுடுறாங்கல்ல, அதத்தான் சொல்றேன். குமார் அண்ணன் மீந்த குழம்புன்னாரே, அதுல வெங்காயம் பூண்டு கெடக்கு, ரெண்டுமே நாயோட ரத்த சிவப்பணுவ உடைக்கும், வேக வச்சாலும் போகாது. இன்னைக்கு தின்னா இன்னைக்கே தெரியாது, நாலு நாள் கழிச்சு ஈறு வெளுத்து மூச்சு வாங்கிட்டு வரும்.

கோம்பை_குமார்:
எங்க தாத்தா காலத்து நாயெல்லாம் குழம்பு சோறு தின்னுட்டு நல்லாத்தாம்பா இருந்துச்சு.

கத்தரி_நூல்:
எத்தன வருஷம் இருந்துச்சுண்ணே? செத்தா தோட்டத்துல புதைச்சுட்டு அடுத்த குட்டி. ரத்தம் எடுத்தா பாத்தீங்க? இன்னொண்ணு கேளுங்க. திராட்சை, உலர் திராட்சை நாய் கிட்னிய கெடுக்கும்னு ரொம்ப காலமா தெரியும், ஏன்னு மட்டும் தெரியாம இருந்துச்சு. பசங்களுக்கு வீட்டுல பிசைஞ்சு குடுக்குற விளையாட்டு மாவு இருக்குல்ல, அதுல க்ரீம் ஆஃப் டார்ட்டர்னு கேக்குக்குப் போடுற ஒரு புளிப்புப் பொடி போடுவாங்க, அத தின்ன நாய்க்கும் அதே மாதிரி கிட்னி போறத அமெரிக்க விஷ முறிவு மையத்துல கவனிச்சாங்க. அந்தப் பொடிலயும் திராட்சைலயும் இருக்குற டார்டாரிக் அமிலம்தான் காரணமா இருக்கும்ங்கிறாங்க. 2022ல வந்த கட்டுரைல புளி தின்ன நாய்ங்களையும் சேர்த்தே எழுதிருக்காங்க. புளி! நம்ம வீட்டுல அது இல்லாத குழம்பு எது?

கோம்பை_குமார்:
அட போப்பா, அப்போ தமிழ்நாட்டுல ஒரு நாயும் இருக்கக் கூடாதே. தெருவுக்குத் தெரு ரசஞ்சோறுதான் ஊத்துறாக.

பார்வதி_இந்திரா நகர்:
குமார் அண்ணா சொல்றதுல பாயிண்ட் இருக்கு. அந்த நாய்ங்க தின்னது புளியையே, ஒரு கரண்டி ரசத்த இல்ல. அளவு ரொம்ப முக்கியம், ரசஞ்சோறு தின்னா செத்துடும்னு பீதி கிளப்பக் கூடாது. ஆனா ட்ரீட்னு நாமளா உக்காந்து செய்றப்ப புளி, வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எதுக்கு உள்ள வரணும்? தெரியாம விழுறது வேற.

மணி_மதுர:
இடைல புகுந்ததுக்கு மன்னிக்கவும். பீனட் பட்டர் வச்சு நெறைய ரெசிபி வருதே, அது ஓகேவா? அப்புறம் கருவாடு, கோழி ஈரல்?

செல்வி_தாம்பரம்:
மணி, கடை பீனட் பட்டர்ல "சுகர் ஃப்ரீ"ன்னு போட்டிருந்தா தொடாதீங்க, சைலிட்டால்னு சர்க்கரைக்குப் பதிலா போடுற இனிப்பு இருக்கலாம், அது கொஞ்சம் போனாலே நாய்க்கு இன்சுலின் குபுக்குன்னு சுரந்து சர்க்கரை இறங்கி மயக்கம் போட்டுடும், ஈரலும் போகும். லேபிள்ல ஈ967ன்னு நம்பர் மட்டும் கூட போட்டிருப்பானுங்க. இதுக்குத்தான் சொல்றேன் வீட்டுல பண்ணுங்கன்னு! வேர்க்கடலைய வறுத்து தோலெடுத்து உப்பில்லாம மிக்ஸில கொஞ்ச நேரம் அரைச்சா, தானா எண்ணெய் கசிஞ்சு அதுவே வெண்ணெய் மாதிரி ஆயிடும். என்ன போட்டோம்னு நமக்குத் தெரியும். ஈரல வேக வச்சு கடுகளவு கடுகளவா காய வச்சுக்கலாம், தினமும் வேணாம், விட்டமின் ஏ ஜாஸ்தியாயிடும். கருவாடு உப்பு, வேண்டவே வேண்டாம், பச்சை நெத்திலிய உப்பு போடாம வேக வச்சு ஓவன்ல உலர்த்துங்க, வீடே நாறும் ஆனா சுண்டல் அதுக்காக கதவையே தொறப்பான்.

கத்தரி_நூல்:
அளவையும் சொல்லுங்கக்கா. பத்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு மொத்தமே சுமார் அறுநூறு கலோரி போதும், ட்ரீட் அதுல பத்துல ஒரு பங்கு, அறுபது. ராகி மாவு நூறு கிராம்ல முன்னூத்தி இருபது பக்கம் வருது, அப்போ உங்க பிஸ்கட்ல எட்டு கிராம் மாவு இருந்தா ரெண்டோட நிறுத்தணும். யாரு ரெண்டோட நிறுத்துறா? "வீட்டுல செஞ்சது, ஹெல்த்தி"ன்னு ஆளுக்கு ஒண்ணு குடுப்பாங்க, பாட்டி தனியா ஒண்ணு, வேலைக்கு வர்ற அம்மா ஒண்ணு. கிளினிக்குக்கு வர்றதுல பாதி நாய் உருளைதான்.

கோம்பை_குமார்:
உம் பேச்ச கேட்டா நாய் பட்டினிதான் கெடக்கும். சரி பிஸ்கட்ட விடு, மாங்கொட்டையாவது குடுக்கலாமா, கொட்டாங்குச்சிய உருட்டி வெளையாடலாமா, இல்ல அதுக்கும் ஆபரேஷனா?

கத்தரி_நூல்:
அண்ணே மே மாசம் வந்தாலே எங்களுக்கு மாங்கொட்டை கேஸ்தான். வழுக்கிட்டு முழுசா உள்ள போய் குடல்ல உக்காந்துக்கும். மக்காச்சோளக் கட்டையும் அப்படித்தான். கொட்டாங்குச்சி ஒடைஞ்சா விளிம்பு கத்தி, ஈறு கிழியும். வேக வச்ச எலும்பும் வேண்டாம், சில்லு சில்லா ஒடையும்.

பார்வதி_இந்திரா நகர்:
எல்லாத்துக்கும் "வேண்டாம்" போட்டா ஜனங்க கேக்கவே மாட்டாங்க தம்பி, "இத குடு"ன்னு ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு உலகம் பூரா விக்கிற அந்த மூணு உருண்டை அடுக்கின ரப்பர் பொம்மை, காங், எப்படி வந்துச்சு? ஜோ மார்க்கம்னு ஒருத்தர், அவரோட ஜெர்மன் ஷெப்பர்ட் கல்லக் கடிச்சு பல்ல கெடுத்துக்கிட்டிருந்துச்சு, அவர் வேன் ரிப்பேர் பண்றப்ப கழட்டிப் போட்ட ரப்பர் பாகத்த அது கவ்விக்கிட்டு விடவே இல்ல. 1976ல அத வச்சு கம்பெனியே ஆரம்பிச்சுட்டாரு. வீட்டு வாசல்ல கெடந்த பழைய சாமான்தான் அது.

கத்தரி_நூல்:
கதை சரிதான்க்கா, ஆனா வேன் பாகத்த அப்படியேவா வித்தாரு? கடிக்கிறதுக்குன்னே தனியா ரப்பர் பண்ணிதான் வித்தாரு. சரி "குடு" லிஸ்ட் கேட்டீங்க: சர்க்கரைவள்ளிக்கிழங்க கால் இஞ்ச் கனத்துல நீளமா சீவி 120 டிகிரில ரெண்டரை மூணு மணி நேரம், தோல் மாதிரி வளையணும், மொறுமொறுன்னு ஆகிடக் கூடாது. வெயிலுக்கு உப்பில்லாத நீர்மோர ஐஸ் ட்ரேல ஊத்தி வைங்க, பால் ஒத்துக்காத நாய்னா வெறும் கோழி வேக வச்ச தண்ணி, வெங்காயம் போடாதது. அட்டைப் பெட்டிக்குள்ள தீனி போட்டு கிழிக்க விடலாம், பின்னு டேப்பு எல்லாம் எடுத்துட்டு, தின்னாம கிழிக்கிற நாயா இருந்தா மட்டும். பழைய டென்னிஸ் பந்து தூக்கிப் போட்டு எடுத்துட்டு வர ஓகே, படுத்து மெல்ல விடாதீங்க, அந்த மேல் ரோமத்துல மண்ணு ஒட்டி பல்ல அரம் போட்டு தேச்சுடும்.

மணி_மதுர:
இதத்தான்யா முதல்லயே சொல்லிருக்கணும்.

செல்வி_தாம்பரம்:
சரி தம்பி, கிழங்கு இன்னைக்கே போடுறேன். ஆனா ஜடைய தூக்கிப் போட மாட்டேன். இழுத்து விளையாடுறதுக்குத்தான் அது, ஒரு முனை என் கைல இருக்கும், ஆட்டம் முடிஞ்சா வாங்கி கதவுக்குப் பின்னாடி ஆணில மாட்டிடுவேன், நூல் பிரிஞ்சா கத்தரிச்சுடுவேன். தனியா அவன்கிட்ட விட்டாதானே வினை?

கத்தரி_நூல்:
கைல இருக்குற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்லல. ஆணி எவ்ளோ உசரம்?

செல்வி_தாம்பரம்:
என் தோள் உசரம் இருக்கும்.

கோம்பை_குமார்:
நாட்டு நாய்க்கு தோள் உசரமெல்லாம் ஒரு உசரமா தாயி, பரண் மேல போடு.