ஓவர்லாப், ஸ்ட்ரீம்லைன்: பசுமைக் கட்டடச் சட்டத்துக்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். பசுமைக் கட்டடங்களுக்காக, அதாவது தண்ணீரையும் எரிசக்தியையும் சிக்கனப்படுத்தும் கட்டடங்களுக்காக, பல அமைப்புகள் நடத்தும் திட்டங்கள் ஒன்றோடொன்று ஓரளவு ஒத்துப்போவதை ஆங்கிலத்தில் ஓவர்லாப் என்கிறார்கள்; அதைக் குறைத்துச் சீராக்குவதை ஸ்ட்ரீம்லைன் என்கிறார்கள். அப்படிச் சீராக்கும் ஒரு சட்டத்தின் பெயரைத் தமிழாக்க இவ்விரண்டுக்கும் என்ன சொல் என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

ஸ்ட்ரீம்லைன் என்பதற்கு 'நெறிப்படுத்தல்' போதும் என்று இந்த இழையில் பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிங்கப்பூரில் ஒரு கட்டுமானக் குத்தகையாளர் அந்தச் சொல்லைப் பார்த்தால், புதிதாக ஏதோ விதி வரப்போகிறது என்றுதான் நினைப்பார். பசுமைக் கட்டடத் திட்டங்களைச் சீராக்கும் சட்டத்தின் நோக்கமோ, ஏற்கெனவே குவிந்திருப்பதைக் குறைப்பது. 'ஒருங்கிணைப்பு' இன்னும் பலவீனம். எதையும் குறைக்காமல் அதிகாரிகள் கூடிப் பேசினாலே அது ஒருங்கிணைப்பு ஆகிவிடும்.

அதற்குமுன் ஓவர்லாப் எது என்று தெளிவாக வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான கணக்காய்வு அமைப்பு 2011இல் ஒரு கணக்கெடுத்தது. கூட்டரசுக்குச் சொந்தமல்லாத கட்டடங்களுக்காக மட்டும் 11 கூட்டரசு அமைப்புகள் 94 பசுமைக் கட்டட முயற்சிகளை நடத்தின. அந்த அமைப்பு மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்கிறது. ஒரே துறையில் பல அமைப்புகள் இறங்குவது முதல் நிலை; அதைச் 'சிதறல்' எனலாம். ஒரே வேலையை ஒரே பயனாளிகளுக்கு இரண்டு அமைப்புகள் செய்வது கடைசி நிலை, அது 'இரட்டிப்பு'. நோக்கமோ செயலோ பயனாளிகளோ ஓரளவு ஒத்துப்போவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. அதுதான் ஓவர்லாப். அதையும் இரட்டிப்பு என்று எழுதினால், இரண்டில் ஒன்று வீண் என்று மொழிபெயர்ப்பாளரே தீர்ப்புச் சொன்னதாகிவிடும்.

நம்மூரையே பாருங்கள். சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் பசுமைக் கட்டடங்களுக்குத் தரும் கிரீன் மார்க் தரச்சான்று 2005இல் தொடங்கியபோதே நீர்ச் சிக்கனம் அதன் மதிப்பீட்டில் இருந்தது. அப்புறம், ஆண்டுக்கு 60,000 கன மீட்டரோ அதற்கு மேலோ தண்ணீர் பயன்படுத்தும் இடங்கள் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் நீர்ச் சிக்கனத் திட்டம் ஒன்றைத் தரவேண்டும். ஒரு பெரிய கடைத்தொகுதி இரண்டுக்குள்ளும் வரலாம். ஒன்று கட்டடத்தின் தரத்தை மதிப்பிடுகிறது. மற்றொன்று நாட்டின் நீர்த்தேவையைக் கவனிக்கிறது. தண்ணீர் என்ற ஓர் இடத்தில் மட்டும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கவிகின்றன. இதை இரட்டிப்பு என்பது நியாயமே இல்லை.

ஆகவே ஓவர்லாப்புக்கு 'மேற்கவிவு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'மேற்படிவு' வேண்டாம், படிவு என்றால் வண்டல்தான் நினைவுக்கு வருகிறது. 'மேற்பொருந்தல்' என்றால் இரண்டும் அச்சாகப் பொருந்துகின்றன என்றாகிவிடும்.

ஸ்ட்ரீம்லைனுக்கு, இந்தச் சூழலில் மட்டும், 'மேற்கவிவு களைதல்'. குறைகளைக் களைதல் என்று அரசாங்கத் தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. களை எடுக்கும்போது பயிர் நிற்கும் என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. 'பசுமைக் கட்டடத் திட்டங்களின் மேற்கவிவு களைதல் சட்டம்' என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நாக்கு தடுக்கவில்லை.

தொழிற்சாலை உற்பத்தியில் வரும் ஸ்ட்ரீம்லைனுக்கு இது பொருந்தாது. அதற்குத் தனி இழை தொடங்கலாம். 'மேற்கவியும் திட்டங்கள்' என்ற பெயரெச்ச வடிவம் செய்தித் தலைப்பில் சரியாக நிற்குமா என்று பத்திரிகைத் துறை நண்பர்கள் சொல்லுங்கள்.