உடும்பு ஈரலைப் பச்சையாகத் தின்னலாமா?

கரிசல்காட்டான்:
கேரளத்தில் பச்சை உடும்புக் கறி தின்றவர்களுக்கு மூளையில் புழு ஏறியது என்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. என் தாத்தா உடும்பை அறுத்த சூட்டோடு ரத்தம் குடித்தவர், இளைப்புக்கு அதைவிட மருந்தில்லை என்பார், 84 வயதுவரை வயலுக்குப் போனார். காட்டில் திரிகிற பிராணிக்கு ஏது புழு?

கால்நடைக்காரி:
அண்ணா, காட்டில் திரிவதால்தான் வருகிறது. அது எலியின் புழு. எலியின் நுரையீரல் ரத்தக்குழாயில்தான் முழுசாக வளரும். பெண் புழுவைப் பார்த்தால் ரத்தம் நிறைந்த குடலும் வெள்ளைக் கருப்பையும் பின்னிக்கொண்டு சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூல் மாதிரி இருக்கும். எலிப் புழுக்கையில் வெளியேறும் குஞ்சுப்புழு நத்தைக்குள் போகும், நத்தையைத் தின்ற உடும்பின் உடம்பில் வளராமலும் சாகாமலும் அப்படியே காத்துக் கிடக்கும். அரை மில்லிமீட்டர்தான், கழுவியெல்லாம் எடுக்க முடியாது. தாய்லாந்தில் 5 மாகாணங்களில் பிடித்த உடும்புகளைச் சோதித்தபோது ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது. மனிதனுக்குள் போனால் மூளைவரை வந்து அங்கேயே செத்துவிடும், அதைச் சுற்றி வீக்கம். தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு.

கரிசல்காட்டான்:
சரி, குழம்பு வைத்தால் செத்துவிடும் அல்லவா? எல்லாரையும் ஏன் மிரட்டுகிறீர்கள்?

கால்நடைக்காரி:
நன்றாக வெந்தால் சாகும், மறுக்கவில்லை. ஆனால் மருந்து என்று நம்புகிறவர் எங்கே வேகவைக்கிறார்? உங்கள் தாத்தா குடித்ததும் பச்சை ரத்தம்தானே.

குளத்தங்கரை:
வேகவைத்தால் சரி என்று முடித்துவிடாதீர்கள். உடும்பு 1972 வனஉயிர்ச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை. இன்னொன்று, இப்படிப் புழுக்கதை சொன்னால் வரப்பில் போகிற உடும்பையெல்லாம் நோய் பரப்புகிறது என்று அடித்துப் போடுவார்கள். பக்கத்தில் ஓடினால் யாருக்கும் ஒட்டாது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கால்நடைக்காரி:
ஒட்டாது, உண்மை. அதற்காகப் புழுவைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டேன். சட்டத்துக்கு அஞ்சாதவர்கூடப் பிள்ளையின் மூளை என்றால் யோசிப்பார்.

கரிசல்காட்டான்:
அக்கா மகனுக்கு இளைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஈரல் கொண்டுவரச் சொல்லி ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறார்கள். இப்போதே போன் போட்டு வேண்டாம் என்கிறேன். தாத்தா சொன்னது பொய் என்று மட்டும் என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை.

கால்நடைக்காரி:
தாத்தா இருக்கட்டும் அண்ணா. முதலில் போன் போடுங்கள்.